சாப்பாட்டைச் சொன்னால்தான் பம்புக்குத் தெரியும்

டைப் 1 சர்க்கரை நோயில் கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அந்த வேலையை ஏற்கும் தானியங்கி பம்ப் இரவில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. தோலுக்கடியில் உள்ள சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவைச் சொல்ல, பம்ப் இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், நிறுத்தும். ஆள் நிம்மதியாகத் தூங்கலாம். தட்டில் சோறு விழுந்ததும்தான் அது தடுமாறுகிறது.

எல்லாம் நேரக் கணக்குதான். சென்சார் பார்ப்பது ரத்தத்தை அல்ல, செல்களைச் சுற்றியுள்ள திரவத்தை. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அங்கே தெரியச் சில நிமிடங்கள் ஆகும். தோலுக்கடியில் இறங்கும் வேக இன்சுலினும் வேலையைத் தொடங்கக் கால் மணி நேரம், உச்சத்துக்கு வர ஒரு மணி நேரம் அல்லது அதற்கும் மேல் எடுக்கும். சோறு அதுவரை காத்திருக்காது. நோயில்லாதவரின் கணையம் முதல் கவளத்திலேயே சுதாரித்து, இன்சுலினை நேராகக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் விடுகிறது. சர்க்கரை ஏறியதைப் பார்த்து ஓடிவரும் பம்ப், வெள்ளம் வந்த பிறகு அணை போடுகிற கதைதான்.

அதனால் 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மினிமெட் 670ஜி முதல் பெரும்பாலான கருவிகள் பாதித் தானியங்கிகளே. சாப்பிடுமுன் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று நாம் சொல்ல வேண்டும். ஒரு கப் சோறு, சுமார் 45 கிராம். 10 கிராமுக்கு 1 யூனிட் தேவைப்படுபவர் என்றால் 4.5 யூனிட். இப்போது சர்க்கரை 190, இலக்கு 110, ஒரு யூனிட் 40 புள்ளி இறக்கும் என்றால் இன்னும் 2. முன்பு போட்டதில் 0.5 யூனிட் உடம்பில் மிச்சமிருந்தால் அதைக் கழித்து, மொத்தம் 6.

சொல்ல மறந்தால்? பம்ப் தானாகவே கொஞ்சம் சமாளிக்கும், ஆனால் கையைக் கட்டிக்கொண்டுதான். டான்டெம் நிறுவனப் பம்பை இயக்கும் கன்ட்ரோல்-ஐக்யூ மென்பொருள், அரை மணி நேரத்தில் சர்க்கரை 180ஐத் தாண்டும் என்று கணித்தால், அதை இறக்கத் தேவையான இன்சுலினில் 60 சதவீதத்தை மட்டும், அதுவும் மணிக்கு ஒருமுறைக்கு மேல் போகாமல், கொடுக்கும். இந்தக் கஞ்சத்தனம் நியாயமானது. உள்ளே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க வழியில்லையே. ஒரு மணி நேரம் கழித்து ஞாபகம் வந்து, 'சரி, இப்போதாவது சொல்வோம்' என்று முழு 45 கிராமையும் பதிந்தால் ஆபத்து: பம்ப் ஏற்கெனவே தந்ததோடு இதுவும் சேர்ந்து சர்க்கரை விறுவிறுவென்று இறங்கலாம்.

கிராம் கணக்கே வேண்டாம் என்கிறது 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐலெட் என்ற பம்ப். 'வழக்கமான அளவு', 'அதைவிடக் குறைவு', 'அதிகம்' என்று ஒன்றைத் தொட்டால் போதும். அணிந்தவருடைய வழக்கம் எவ்வளவு என்பதைக் கருவியே நாளடைவில் கற்றுக்கொள்ளும். எனக்கு இது மனிதத்தன்மையான ஏற்பாடாகப் படுகிறது. விருந்து வீட்டில் பாயசத்தை யார் எடைபோட முடியும்?

ஆனால் எண்ணாமல் விடுவதற்கு ஒரு விலை உண்டு. கத்தாரில் மினிமெட் 780ஜி அணிந்த 34 வளரிளம் பருவத்தினரிடம் அதை அளந்து பார்த்தார்கள். கிராமைத் துல்லியமாக எண்ணியவர்களுக்குச் சர்க்கரை 70 முதல் 180க்குள் இருந்த நேரம் 80.3 சதவீதம். முன்பே வகுத்த மூன்று நிலையான அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தவர்களுக்கு 73.5. வித்தியாசம், ஒரு நாளில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.