டிஎல்எஸ் போட்டாச்சு, பேச்சு மட்டும் வெளியே கேட்கிறது

ஓர் அலுவலகத்தின் இணையத் தொலைபேசி அமைப்பைச் சரிபார்க்கப் போயிருந்தேன். "டிரங்க் எல்லாம் என்கிரிப்ட் பண்ணியாச்சு சார்" என்றார் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர். டிரங்க் என்பது அலுவலகத்தைத் தொலைபேசி சேவை வழங்குநருடன் இணைக்கும் இணைப்பு. செட்டிங்கிலும் டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை), போர்ட் 5061 என்றுதான் இருந்தது. சரி என்று அவரையே ஒரு சோதனை அழைப்பு போடச் சொல்லி, ஃபயர்வாலில் பாக்கெட்டுகளைப் பிடித்தேன். அழைப்பை ஏற்படுத்தும் சிப் செய்தி மறைந்திருந்ததால், பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளுக்கு எது குரல் என்று தானாகத் தெரியவில்லை. இந்த யுடிபி பாக்கெட்டுகள்தான் ஆர்டிபி, அதாவது குரல் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அவ்வளவுதான், அவர் சொன்ன "ஹலோ, கேக்குதா?" ஸ்பீக்கரில் அவருக்கே திரும்பக் கேட்டது. மனிதர் முகம் மாறிவிட்டது.

அழைப்பு என்பது இரண்டு ஓட்டம். யார் யாரைக் கூப்பிடுகிறார், எப்போது மணி அடிக்கிறது என்பதெல்லாம் சிப். குரல் ஆர்டிபியாக வேறு போர்ட்டில் தனியாகப் போகிறது. டிஎல்எஸ் முதல் ஓட்டத்தை மட்டுமே மூடும். குரலை மூட ஆர்டிபியின் மறையாக்கப்பட்ட வடிவமான எஸ்ஆர்டிபி வேண்டும். அது 2004இலேயே ஆர்எஃப்சி 3711 ஆக வந்துவிட்ட தரம்தான், புதிது ஒன்றுமில்லை. பேச்சு மட்டும்தானே என்று விடவும் முடியாது. ஐவிஆரில் ("ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும் தானியங்கிக் குரல் அமைப்பு) வாடிக்கையாளர் அழுத்தும் எண்கள், அதாவது கார்டு எண்ணும் பின் எண்ணும்கூட, பெரும்பாலான அமைப்புகளில் அதே ஆர்டிபி ஓட்டத்தில்தான் போகின்றன.

தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. எஸ்ஆர்டிபி போட்டிருப்பார்கள், டிஎல்எஸ் இருக்காது. டிரங்க்குகளில் சாவியைப் பரிமாறப் பெரும்பாலும் எஸ்டிஇஎஸ் முறையைத்தான் பயன்படுத்துகிறோம். அதில் குரலைத் திறக்கும் சாவி சிப் செய்திக்குள்ளேயே ஒரு வரியாகப் போகிறது. டிஎல்எஸ் இல்லையென்றால், வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதை.

என்னைக் கேட்டால், இவற்றைவிட மோசமானது "முடிந்தால் என்கிரிப்ட் செய்" என்ற வகை செட்டிங். எதிர்ப்பக்கம் ஒத்துக்கொள்ளாவிட்டால் சத்தமில்லாமல் சாதாரண ஆர்டிபிக்கு இறங்கிவிடும். கட்டாயம் என்று வையுங்கள். பொருந்தாவிட்டால் அழைப்பு 488 (ஏற்க முடியாது) என்று அடிபடும், உடனே புகார் வரும், சரிசெய்வோம். மறையாக்கம் இல்லாமல் போகும் அழைப்பைப் பற்றி யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் சான்றிதழ், அதாவது எதிர்ப்பக்கம் உண்மையானவர்தானா என்று டிஎல்எஸ் பார்க்கும் அடையாள அட்டை. இணைப்பு ஏறவில்லை என்றதும் சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிறார்கள். அணைத்துவிட்டால் நடுவில் நிற்பவன் எவனும் சேவை வழங்குநர் வேஷம் போடலாம். கோளாறு பெரும்பாலும் சின்னதுதான்: பெயருக்குப் பதில் ஐபி முகவரி கொடுத்திருப்பது, சிஏ எனும் நம்பகமான சான்றிதழ் வழங்குநர்களின் பட்டியல் கோப்பைக் காட்டாதது, சர்வரின் கடிகாரம் தப்பாக ஓடுவது. பழைய டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021இலேயே கைவிடப்பட்டவை, 1.2க்குக் கீழே எதையும் அனுமதிக்க வேண்டாம்.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். 90 நாள் சான்றிதழ், தானாகப் புதுப்பிக்கப்பட்டு கோப்பும் மாறிவிட்டது. ஆனால் பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் தொலைபேசி சர்வர்) அதை மறுபடி படிக்கவில்லை. பழையது காலாவதியான காலையில் வெளியே போகும் அழைப்பெல்லாம் ஒழுங்காகப் போயின, உள்ளே ஒன்றுகூட வரவில்லை. போகும்போது நாம் எதிர்ப்பக்கச் சான்றிதழைப் பார்க்கிறோம், வரும்போது அவர்கள் நம்முடையதைப் பார்க்கிறார்கள். இது உறைக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

அந்த அலுவலகத்தில் எஸ்ஆர்டிபியைக் கட்டாயமாக்கிவிட்டு மறுபடி பாக்கெட்டுகளைப் பிடித்தோம். ஜி.711 என்ற குரல் வடிவத்தில் வரும் பாக்கெட்டில் 160 பைட் இருந்த இடத்தில் 170 இருந்தது. அந்தப் பத்தும் சரிபார்ப்பு முத்திரை. போட்டுக் கேட்டால் வெறும் இரைச்சல். கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு அவர் கேட்டார்: "அப்ப டெஸ்க் ஃபோன்லேருந்து பிபிஎக்ஸ் வரைக்கும்?"

அது இன்னும் திறந்துதான் கிடந்தது. மறுநாள் அந்த வேலையைத் தொடங்கினோம்.