கற்பனை எந்திரத்தில் நிஜத் துரு

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடியாமல் நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கற்பனையில் பிறந்தவை, இரண்டு கால்களில் நடக்கும் கவச எந்திரங்களின் மாடல்கள்: பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் பெயின்ட் அடித்துச் செய்யும் சிற்றுருக்கள். அப்படியோர் எந்திரம் எந்தப் போர்க்களத்திலும் நடந்ததில்லை. அமெரிக்க ராணுவத்துக்காக ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1960-களின் இறுதியில் செய்து பார்த்த நான்கு கால் வண்டியும் சோதனைக் கட்டத்தைத் தாண்டவில்லை. ஆகவே வடிவம் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க மூலம் எதுவும் கிடையாது. பார்ப்பவரை நம்பவைக்கும் பொறுப்பு முழுவதும் துருவின் மேலும் சேற்றின் மேலும் விழுகிறது. எந்திரத்தை எப்படி வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம். மழைநீர் இரும்பில் செய்யும் வேலையை அப்படிக் கற்பனை செய்துவிட முடியாது.

ஒட்டும் வேலையில் பெரிய சிக்கல் இல்லை. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கான பசை உண்மையில் ஒரு கரைப்பான். இரு பரப்புகளையும் இளக்கி, மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னவிட்டு, தான் ஆவியாகிப் போய்விடுகிறது. கவனம் வேண்டியது நிற்கும் நிலையில்தான். ஒரு காலைத் தூக்கியபடி நிறுத்துவதானால், புவியீர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு ஊன்றிய பாதத்துக்குள் விழ வேண்டும். அதற்காக இடுப்பை ஊன்றிய கால் பக்கம் நகர்த்தி ஒட்டினால், மாடல் விழாமல் நிற்பதோடு, பல டன் எடை அந்தக் காலில் இறங்கியிருப்பதும் கண்ணுக்குத் தெரியும்.

பெயின்ட் உதிர்ந்த தோற்றத்துக்கு ஹேர்ஸ்பிரே முறையைவிட நம்பத்தக்கதாக வேறெதுவும் எனக்குப் படவில்லை. முதலில் சிவப்பு ஆக்சைடு நிறத்தில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு, அதன்மேல் ஹேர்ஸ்பிரே, அதற்கும் மேல் அக்ரிலிக் பெயின்ட். ஜெர்மன் எந்திரமென்றால், 1943 பிப்ரவரியில் அந்த ராணுவம் அடிப்படை நிறமாக்கிக்கொண்ட அடர் மஞ்சள். உலர்ந்த அக்ரிலிக் நீரில் கரையாது என்றாலும், மெல்லிய படலமாக இருக்கும்போது அதன் வழியே நீர் கசிந்து இறங்கி, அடியிலுள்ள ஹேர்ஸ்பிரேயின் பிசினை இளக்குகிறது. அப்போது ஈரமான, விறைத்த தூரிகையால் தேய்த்தால் மஞ்சள் மட்டும் ஒழுங்கற்ற விளிம்போடு பெயர்ந்து வரும். 1/35 அளவில் ஒரு மில்லிமீட்டர்த் தழும்பு நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் என்பதை மறந்துவிட்டால், எந்திரம் அம்மை கண்டதுபோல் ஆகிவிடும்.

உதிர்ந்த இடமெல்லாம் துருப்பிடித்த இடம் ஆகாது. பிரைமரும் போய் வெற்று இரும்பு தெரியும் இடத்தில்தான் துரு தொடங்கும். இதைக் கற்க நீலகிரி மிக நல்ல இடம். குன்னூரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், பழைய தகரக் கூரையொன்றைக் கிட்டே நின்று பாருங்கள்: ஆணித் துளையிலும், தகட்டின் மேல் தகடு ஏறும் விளிம்பிலும் செம்பழுப்பு அடர்ந்திருக்கும், அங்கிருந்து மெல்லிய கோடுகள் கூரைச் சரிவின் திசையிலேயே இறங்கி, போகப் போக மங்கியிருக்கும். துத்தநாகப் பூச்சு அறுபட்டதும், நீர் வடியாமல் தங்குவதும் அந்த இடங்களில்தான். தேங்கிய துளியின் விளிம்பில் காற்றிலிருந்து ஆக்சிஜன் தாராளமாகக் கரைகிறது, நடுவிலோ குறைவு. இந்த வேறுபாடே அதை ஒரு சிறு மின்கலமாக்கிவிடுகிறது. நடுவில் இரும்பு அயனிகளாகக் கரைந்து, வெளிப்புறம் நகர்ந்து, ஆக்சிஜனைச் சந்திக்கும் இடத்தில் துருவாகப் படிகிறது. இடுக்குகள் முதலில் அரிக்கப்படுவதற்கு இதுவே காரணம். எனவே துருவைக் கவசத் தகட்டின் நட்டநடுவில் தீட்டாமல், போல்ட் தலையின் அடியிலும், மூடிகளின் கீழ்விளிம்பிலும், வெப்பத்தால் பெயின்ட் கருகிப்போகும் புகைக்குழாயிலும் தீட்ட வேண்டும். புதிய துருவுக்கு ஆரஞ்சு நிறம், பழையதற்கு அடர்பழுப்பு.

முழங்கால் மூட்டில் துருவே கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்தண்டவாளத்தில் ஏறும் நீராவி எஞ்சினின் இணைப்புத் தண்டுகளைக் கவனித்தால் காரணம் புரியும்: ஓயாமல் உராயும் பரப்பு பளபளக்கிறது, சுற்றிலும் எண்ணெயில் தூசி ஒட்டிக் கருமையாகக் கட்டியிருக்கிறது.

இதற்குப்பின் பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ். மலையில் மூடுபனி இறங்கிய மாலையில் இதை அடிக்கவே கூடாது. லாக்கர் வகைக் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராகப் படிந்து, படலத்தை வெள்ளையாகப் பூக்கவைக்கிறது. வெயில் ஏறிய முற்பகலே ஏற்ற நேரம்.

சேறு கடைசி வேலை. இருபது டன் எந்திரம் ஒரு சதுர மீட்டர்ப் பாதத்தில் ஒற்றைக்காலாக நின்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ எடை இறங்கும். 57 டன் டைகர் டாங்கி தன் அகலமான சங்கிலித் தடத்தால் தரும் அழுத்தத்தைப்போல் இது ஏறத்தாழ இரு மடங்கு. மழையில் ஊறிய மலைமண்ணில் பாதம் கணுக்கால்வரை புதையும். சங்கிலித் தடம் சேற்றைப் பின்னால் வாரி இறைக்கும். கால் நேராக மேலே எழுவதால் சேறு செங்குத்தாக வழிந்து சொட்டும். இங்குள்ள செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடால் வந்தது, ஆகவே அதையே உலர்த்தி மெல்லிய துணியில் சலித்துப் பயன்படுத்தலாம். நன்றாகச் சலிக்க வேண்டும், ஏனெனில் அரை மில்லிமீட்டர் மணலும் இந்த அளவில் கூழாங்கல்லாகத் தெரியும்.

உலர்ந்த மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று இருப்பதால் ஒளி சிதறித் திரும்பி, மண் வெளிறித் தெரிகிறது. அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டால் சிதறல் குறைந்து, ஒளி ஆழமாக இறங்கி உறிஞ்சப்படுகிறது, மண் கருக்கிறது. ஆகவே முழங்காலில் பொடியை அப்படியே தடவிவிட்டு, கணுக்காலுக்குக் கீழே அதையே பளபளப்பு வார்னிஷில் குழைத்துப் பூசினால், நேற்று நடந்த சேறும் இன்று மிதித்த சேறும் ஒரே காலில் தனித்தனியே தெரியும்.