வேலிக்காலின் கை ஏன் தொங்குகிறது?

எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை. சுற்றிலும் ‘எல்’ வடிவ இரும்பு ஆங்கிள் கால்கள், இடையில் டைமண்ட் வலை, ஒவ்வொரு காலின் தலையிலும் வெளிப்பக்கமாகச் சாய்ந்த ஒரு கை, அந்தக் கைகளில் மூன்று வரிசை முள்கம்பி. போட்ட புதிதில் எல்லாக் கைகளும் ஒரே சாய்வில் அணிவகுத்து நின்றன. மூன்றே வருஷத்தில் ஆளுக்கொரு திசை பார்க்கின்றன. ஒன்று தரையைப் பார்க்கிறது. இன்னொன்று பக்கத்துக் காலிடம் ரகசியம் சொல்வதுபோலத் திரும்பியிருக்கிறது. முள்கம்பி கொடிக்கயிறாகத் தொய்ந்துவிட்டது. எதிர்வீட்டில் அதில் கால்மிதியைக் காயப்போடுகிறார்கள்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு கைகூட உடையவில்லை. வளையவுமில்லை. பெரும்பாலானவை காலோடு சேரும் இடத்தில்தான் விட்டுக்கொடுத்திருக்கின்றன. வேலி போடும்போது கம்பி எத்தனை கேஜ், கால் எத்தனை அடி, கிலோ என்ன விலை என்று பேரம் பேசுகிறோம். கையைக் காலில் எதை வைத்து மாட்டப்போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. இயற்பியல் முழுக்க அந்த நான்கு அங்குல இடத்தில்தான் நடக்கிறது.

முதலில், இந்தக் கை எதற்கு? நேரான வலையில் ஏறுகிறவனுக்கு உடல் வலையை ஒட்டியே இருக்கும். வலைக்கண்ணில் கால்விரலை நுழைத்தால் பாதி எடையைக் கால் வாங்கிக்கொள்ளும். தலைக்கு மேலே ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டு வந்தால் கதை மாறுகிறது. அதைத் தாண்ட அவன் பின்பக்கமாகச் சாய வேண்டும். சாய்ந்தால் காலுக்குப் பிடிமானம் போய்விடும். முழு எடையும் விரல்களில் தொங்கும், விரல்கள் முள்ளில் இருக்கும். முள் குத்துவதைவிட இந்தத் தொங்கல்தான் பெரிய தடை என்று நினைக்கிறேன்.

சாய்வு ஏன் பெரும்பாலும் 45 டிகிரி? கை 45 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். படுக்கையாக வைத்தால் வெளியே 45 செ.மீ. கிடைக்கும், உயரம் ஒன்றும் கூடாது. நிமிர்த்தி வைத்தால் உயரம் 45 செ.மீ. கூடும், வெளியே நீட்டல் பூஜ்யம். 45 டிகிரியில் வைத்தால் உயரம் 32, நீட்டல் 32. இரண்டையும் பெருக்கினால் வரும் தொகை இந்தக் கோணத்தில்தான் உச்சம். எறிந்த கல் அதிக தூரம் போக 45 டிகிரியில் எறிய வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே சைன் கணக்குதான் இதிலும் ஒளிந்திருக்கிறது.

அந்த 32 செ.மீ. நீட்டல்தான் நமக்குத் தலைவலியும் தருகிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளினால் நகராது, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் ஒரு விரலே போதும். விசையோடு தூரமும் சேர்ந்து வேலை செய்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்குத் திருப்புத்திறன் என்று பெயர், அளப்பது நியூட்டன் மீட்டரில்.

சும்மா நிற்கும் நாளில் கை தாங்குவது என்ன? 12 கேஜ் முள்கம்பி மீட்டருக்குச் சுமார் 100 கிராம். கால்களுக்கு இடையே 3 மீட்டர் என்றால் மூன்று வரிசைக்கும் சேர்த்து ஒவ்வொரு கைக்கும் ஒரு கிலோகூட வராது. கையின் சொந்த எடை ஒன்றரைக் கிலோவுக்குள். எல்லாம் சேர்ந்து மூட்டில் தரும் திருப்புத்திறன் சுமார் 4 நியூட்டன் மீட்டர்தான். இறுகிப்போன பாட்டில் மூடியைத் திறக்கிற வேலைதான்.

அதே கையின் நுனியைப் பிடித்து 60 கிலோ ஆள் ஒருவன் தொங்கினால்? 60 கிலோ, புவியீர்ப்பு 9.8, தூரம் 0.32 மீட்டர், பெருக்கினால் 188 நியூட்டன் மீட்டர். கிட்டத்தட்ட ஐம்பது மடங்கு. வேலி நாள்தோறும் சுமப்பதற்கும், அது எதற்காகப் போடப்பட்டதோ அந்த ஒரு ராத்திரி சுமக்க வேண்டியதற்கும் இடையே இவ்வளவு தூரம்.

இப்போது கை காலோடு சேரும் மூட்டுக்கு வருவோம். தெருக்கோடி மனையில் ஒவ்வொரு கையும் ஒரே போல்ட்டில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. ஒரே ஆணியில் மாட்டிய காலண்டர் காற்றில் ஆடும். இரண்டு ஆணி அடித்த பலகை ஆடாது. ஒற்றை போல்ட் என்பது உண்மையில் ஒரு கீல். பிறகு எப்படி அது ஆரம்பத்தில் கையை நிறுத்தி வைத்தது? உராய்வு.

ஸ்பானரில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு. 20 செ.மீ. ஸ்பானரின் நுனியில் 10 கிலோ அளவுக்கு அழுத்தி ஒரு 10 மி.மீ. போல்ட்டை இறுக்கினால், மரையின் சாய்வு அந்தச் சின்ன அழுத்தத்தைப் பெருக்கி, இரண்டு இரும்புகளையும் ஏறக்குறைய ஒரு டன் விசையோடு ஒன்றின்மேல் ஒன்று நெரிக்கிறது. இறுக்குவதற்கு நாம் கொடுக்கும் உழைப்பில் பெரும்பகுதி மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகவே போய்விடுகிறது. அது போக மிஞ்சுவதே ஒரு டன். அந்த நெரிப்பினால் இரண்டு தகடுகளுக்கு இடையே வரும் உராய்வு சுமார் 30 நியூட்டன் மீட்டர் வரை திரும்பாமல் பிடித்துக்கொள்ளும். நாள்தோறும் வரும் 4-க்கு இது தாராளம். 188-க்கு இது ஒன்றுமே இல்லை. ஆள் ஏற வேண்டும் என்றுகூட இல்லை. காய்ந்த தென்னை மட்டை ஒன்று மேலிருந்து விழுந்தாலே கை தலை குனிந்துவிடும். ஒற்றை போல்ட் வேலி முதல் வருஷம் நன்றாக இருப்பதும் பிறகு ஒவ்வொன்றாகச் சாய்வதும் இதனால்தான்.

இரண்டாவது போல்ட் போட்டதும் உராய்வை நம்பும் வேலை முடிந்தது. கை திரும்ப வேண்டுமானால் இப்போது ஒரு போல்ட்டை ஒரு பக்கமும் இன்னொன்றை எதிர்ப்பக்கமும் தள்ளிக் கிழிக்க வேண்டும். ஆனால் இரண்டுக்கும் நடுவே எத்தனை இடைவெளி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 5 செ.மீ. இடைவெளி என்றால் 188 நியூட்டன் மீட்டரைத் தாங்க ஒவ்வொரு போல்ட்டும் சுமார் 380 கிலோ எடைக்குச் சமமான விசையை வாங்க வேண்டும். 15 செ.மீ. தள்ளிப் போட்டால் 130 கிலோவுக்குள் வந்துவிடும். அதே போல்ட், அதே கை. ஓட்டையைப் பத்து செ.மீ. தள்ளிப் போட்டதில் சுமை மூன்றில் ஒன்றாகிவிடுகிறது.

இதில் போல்ட் முறியும் என்ற பயம் வேண்டாம். சாதாரண 10 மி.மீ. போல்ட்டைக் குறுக்கே வெட்ட ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். முதலில் தோற்பது ஓட்டையைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகடு. வட்ட ஓட்டை மெல்ல முட்டை வடிவமாகும், பிறகு ஆட்டம் ஆரம்பிக்கும். ஜிஐ பைப்பைக் காலாக ஊன்றியிருந்தால் இன்னொரு சங்கடம்: ஊடே போல்ட் போட்டு இறுக்க இறுக்க, உள்ளே வெற்றிடமாக இருக்கும் பைப் சப்பையாகும். உள்ளே ஒரு சின்னக் குழாய்த்துண்டைச் செருகி, அதன் வழியே போல்ட்டை விட்டால் பைப் நசுங்காது. அப்புறம், நட்டை வெளியாள் கழற்ற முடியாதபடி மரையின் நுனியைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஸ்பானர் போதும், ஏற வேண்டிய அவசியமே இல்லை.

“எதற்கு இவ்வளவு? வெல்டிங் வைத்தால் முடிந்தது” என்பார் பட்டறைக்காரர். பல ஊர்களில் காலின் தலையையே வெட்டி, வளைத்து, வெட்டின இடத்தைப் பற்றவைத்துக் கையாக்கிவிடுகிறார்கள். பலத்தில் குறை சொல்ல முடியாது. நன்றாக உருகிப் பிடித்த பற்று இரும்பளவுக்கே நிற்கும். சிக்கல் துத்தநாகத்தில் இருக்கிறது. ஜிஐ என்று நாம் சொல்வது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் வெறும் போர்வையாக மட்டும் இருப்பதில்லை. ஈரம் பட்டால் இரும்புக்கு முன்னால் தான் அரிபட்டுக்கொள்கிறது. அதனால்தான் சின்னக் கீறல் விழுந்தாலும் அந்த இடம் உடனே துருப்பிடிப்பதில்லை. ஆனால் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். இரும்பு உருகவோ 1,500 டிகிரி வேண்டும். அதனால் பற்றவைக்கும்போது சுற்றியிருக்கும் பூச்சு வெள்ளைப் புகையாகப் பறந்துவிடுகிறது. அந்தப் புகையை இழுத்தவருக்கு அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரலாம். பால் குடித்தால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. புகை முகத்துக்கு வராத பக்கமாக நின்றுகொள்வதும் நல்ல முகமூடி போடுவதும்தான் காப்பாற்றும்.

மிச்சமிருப்பது, வேலியிலேயே அதிகச் சுமை வாங்கும் இடத்தில் பாதுகாப்பில்லாத வெற்று இரும்பு. துரு அங்கேதான் தொடங்கும். பற்றவைத்த அன்றே கசடைத் தட்டி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகம் கலந்த பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் கதை நீளும். சிவப்பு ஆக்சைடை மட்டும் மேலோட்டமாகத் தடவிவிட்டுப் போவது ஆறுதலுக்குத்தான். முதலில் வளைத்துப் பற்றவைத்துவிட்டு, பிறகு மொத்தக் காலையும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதுதான் சரியான வரிசை. செலவு கூடும்.

கை சாய்வது ஒரு பக்கம். காலே முறுக்கிக்கொள்வது இன்னொரு பக்கம். ரகசியம் சொல்லும் கை இந்த வகை. முள்கம்பி கையின் நுனியைப் பக்கவாட்டில் இழுத்தால், கை ஒரு நெம்புகோல் மாதிரி காலைத் திருகுகிறது. ஒரு தாளைச் சுருட்டிக் குழாயாக்கி, ஓரத்தைப் பசைபோட்டு ஒட்டி, இரண்டு முனையையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். அடம்பிடிக்கும். ஒட்டின ஓரத்தைப் பிளேடால் கீறிவிட்டுத் திருகினால் ஓரங்கள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு சுலபமாகத் திரும்பிவிடும். ஆங்கிள் என்பது கீறிவிட்ட குழாய். 50×50×5 மி.மீ. ஆங்கிளையும், ஏறக்குறைய அதே எடையுள்ள 48 மி.மீ. பைப்பையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், முறுக்கைத் தாங்கும் விறைப்பில் பைப்புக்கு ஐம்பது மடங்குக்கு மேல் வருகிறது. கிலோவுக்குக் காசு கொடுப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

வரிசையின் நடுவில் இருக்கும் காலுக்கு இந்தத் தொல்லை குறைவு. இடப்பக்கம் எவ்வளவு இழுக்கிறதோ வலப்பக்கமும் அவ்வளவு இழுக்கும், கழிந்துவிடும். கடைசிக் காலில் ஈடுகட்ட யாருமில்லை. கம்பிக்கு 100 கிலோ இழுவை வைத்தால், மூன்று கம்பிக்கும் சேர்த்து 300 கிலோ அந்த ஒரு கையின்மேல். செங்கோண மூலையில் இரண்டு பக்கத்து இழுவையும் சேர்ந்து 424 கிலோவாகி மனையின் உள்பக்கமாக இழுக்கும். அதனால்தான் மூலைக்கும் கடைசிக்கும் கனமான காலும், இரு பக்கமும் முட்டுக்கொடுக்கும் சாய்வுக் காலும் வேண்டும். அங்கே கையும் ஒன்றுக்கு இரண்டாக, கிளை பிரிந்தாற்போல இருந்தால் நல்லது.

இழுவையும் நிலையாக நிற்காது. இரும்பு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். மத்தியான வெயிலில் தகிக்கும் கம்பி விடியற்காலையில் 30 டிகிரி ஆறினால், 100 மீட்டர் கம்பி 36 மி.மீ. சுருங்கப் பார்க்கும். இரண்டு முனையும் கட்டியிருக்கும்போது சுருங்க வழியில்லை, இழுவை ஏறும். இரண்டு புரி 12 கேஜ் கம்பி நேராக இருந்தால் இதில் மட்டுமே 80 கிலோ வரை கூடும். நல்ல வேளையாக முள்கம்பி நேராக இல்லை, முறுக்கியிருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிகால்ப் என்ற ஊரில் விவசாயியாக இருந்த ஜோசப் கிளிடன் 1874 நவம்பர் 24 அன்று காப்புரிமை வாங்கியது இந்த முறுக்குக்குத்தான் என்று சொல்லலாம். முள்ளை ஒரு கம்பியில் சுற்றி, இன்னொரு கம்பியை அதோடு சேர்த்து முறுக்கிவிட்டால் முள் நழுவாது என்பது அவர் கண்ட உபாயம். முள்ளை வளைக்க வீட்டிலிருந்த காபிக்கொட்டை அரைக்கும் யந்திரத்தைத்தான் முதலில் பயன்படுத்தினார் என்பார்கள். முள்ளுக்காக வந்த முறுக்கு, சுருள்வில் மாதிரி கொஞ்சம் நீளவும் சுருங்கவும் கம்பிக்கு இடம் கொடுத்தது கூடுதல் லாபம்.

ஆகவே நடுக்கால்களின் கையில் முள்கம்பியை அசையாமல் பற்றவைப்பது தப்பு. கையில் இருக்கும் வெட்டுக்குள் கம்பியைப் படியவிட்டு, மெல்லிய கட்டுக்கம்பியால் கொஞ்சம் தளர்வாகக் கட்டினால் போதும். வெயிலுக்கும் குளிருக்கும் கம்பி அப்படியும் இப்படியும் நகர்ந்துகொள்ளும். மரக்கிளை விழுந்தால் முதலில் அறுவது அந்தக் கட்டுக்கம்பி. கையும் போல்ட்டும் தப்பிக்கும். மின்சாரப் பெட்டியில் ஃபியூஸ் செய்கிற வேலை.

தெருக்கோடி மனையில் ஒரே ஒரு கை இன்னும் 45 டிகிரியில் நிற்கிறது. அதிலாவது இரண்டு போல்ட் இருக்குமென்று எட்டிப் பார்த்தேன். ஒன்றுதான். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். நட்டும் தகடும் ஊதிப் பழுப்பேறி ஒரே கட்டியாக இறுகிப்போயிருந்தன. கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளங்கையில் மட்டும் பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது.