"ஒரு காசுகூடத் தொடவில்லை" என்கிற தம்பி தங்கைகளுக்கு

"அங்கிள், நான் ஒரு காசுகூடத் தொடலை. என் அக்கவுண்டைத்தான் கொடுத்தேன்."

சிங்கப்பூரில் குற்றவியல் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. அண்மையில் வந்த பையன் ஐடிஇ என்னும் தொழிற்கல்விக் கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு தேசிய சேவைக்குக் காத்திருக்கிறான். (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) டெலிகிராமில் ஒருவன் பேசியிருக்கிறான். கிரிப்டோ கம்பெனியாம், வாடிக்கையாளர் பணத்தை வாங்க உள்ளூர்க் கணக்கு வேண்டுமாம், 600 வெள்ளி தருவார்களாம். பையன் ஏடிஎம் அட்டையைக் கொடுத்தான், அரசாங்கச் சேவைகளிலிருந்து வங்கிவரை எல்லாவற்றுக்கும் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸின் கடவுச்சொல்லையும் கொடுத்தான். யார் யாருடைய சேமிப்போ அந்தக் கணக்கில் வந்து இறங்கி, வந்த வேகத்தில் வெளியே போய்விட்டது. 600 வெள்ளி மட்டும் வரவே இல்லை. கணக்கு முடங்கியது. அவன் பகுதிநேர வேலையில் சம்பாதித்த சம்பளமும் அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. கைப்பேசி காவல்துறையிடம். அம்மா என் அலுவலகத்தில் அழுதுகொண்டே சொன்னதும் பழகிய வசனம்தான்: "அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார், சின்னப் பையன்."

இந்த "தெரியாது" விஷயத்தைத்தான் இன்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு சொன்னாலும் இது ஒன்றுதான் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது.

ஒரு காலத்தில் "தெரியாது" என்பது ஓரளவு வேலை செய்தது, உண்மைதான். அது குற்றப்பணம் என்று உங்களுக்குத் தெரியும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியிருந்தது. அது லேசான வேலை இல்லை. 2020 முதல் 2022 வரை இப்படிக் கணக்குக் கொடுத்ததற்காகக் காவல்துறை விசாரித்தவர்கள் 19,000 பேருக்கு மேல். நீதிமன்றம் வரை போன வழக்குகள் 250க்கும் குறைவு. நம் பிள்ளைகளின் தைரியம் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது. அப்போது கடும் எச்சரிக்கையோடு தப்பித்த எவனோ ஒரு அண்ணன், "ஒண்ணும் ஆகாதுடா, வார்னிங்தான் கொடுப்பாங்க" என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அந்த அண்ணன் சொல்வது பழைய சட்டம். 2023இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது, 2024 பிப்ரவரியில் திருத்தம் நடப்புக்கு வந்தது. குற்றத்தின் வழியாக வந்த பணத்தைப் பறிமுதல் செய்வதற்கான, நாங்கள் சுருக்கமாக சிடிஎஸ்ஏ என்று சொல்லும் சட்டத்தில் இப்போது புதிய குற்றங்கள் சேர்ந்திருக்கின்றன. சாதாரண அறிவுள்ள ஒருவர் பார்த்தால் "இது சரியில்லையே" என்று தோன்றும் அறிகுறிகள் இருந்தும் கவனிக்காமல் போனால், அது அலட்சியம். 3 ஆண்டு வரை சிறை, 150,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். மனத்தில் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தும் விசாரிக்காமல் துணிந்து செய்தால் இன்னும் மேலே: 5 ஆண்டு வரை சிறை, 250,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

இரண்டிலும் கவனியுங்கள். அது திருட்டுப்பணம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பணத்தைத் தொட்டிருக்க வேண்டியதும் இல்லை. காசு வாங்கினீர்களா என்பது தண்டனையின் அளவைப் பேசும்போது வரும் கேள்வி. சும்மா கணக்கைக் கொடுத்தால் 600 வெள்ளி என்று முன்பின் தெரியாதவன் சொல்கிறான். ஒரு நிஜக் கம்பெனி தன் பெயரில் கணக்குத் திறக்காமல் 19 வயதுப் பையனின் கணக்கை ஏன் தேடுகிறது? நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி வரும்போது "தெரியாது அங்கிள்" என்று சொல்ல முடியாது. நானும் அதை நீதிபதியிடம் எடுத்துச் சொல்லி வழக்கை வெல்ல முடியாது.

சிங்பாஸ் விவரத்தைக் கொடுப்பது தனிக் குற்றம்: 3 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம். உங்கள் பெயரில் சிம் கார்டு வாங்கிக் கைமாற்றுவது 2025 ஜனவரியிலிருந்து குற்றம். 2025 டிசம்பர் 30 முதல், இப்படி மோசடிக்காரர்களுக்குக் கைகொடுப்பவர்களுக்கு 12 பிரம்படி வரை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பிரம்படி ஆண்களுக்கு மட்டும்தான். ஆனால் சிறைக்கு அந்த வேறுபாடு கிடையாது, பெண் பிள்ளைகளும் இந்த நாற்காலியில் வந்து உட்கார்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடியில் பறிபோனது சுமார் 110 கோடி வெள்ளி. அதில் ஏதோ ஒரு தாத்தாவின் மத்திய சேமநிதிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போயிருக்கலாம்.

அப்புறம், இந்தப் பிள்ளைகளைப் பேராசைக்காரர்கள் என்று கல்யாண வீட்டுப் பந்தியில் பேசும் பெரியவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது சில நூறு வெள்ளிதான். கைப்பேசித் தவணை நின்றுபோயிருக்கும். படிப்பு முடிந்து, தேசிய சேவையோ முதல் வேலையோ தொடங்கும் வரை கையில் எதுவும் இருக்காது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் வாங்கியும் ஆறு மாத ஒப்பந்தம், அப்புறம் இன்னொரு ஆறு மாத ஒப்பந்தம் என்று ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். உணவு விநியோகம் செய்து வீட்டு மின்கட்டணத்தைக் கட்டும் பிள்ளையும் வந்திருக்கிறாள். அப்பா கடன்முதலையிடம் வாங்கியதை மகன் அடைக்கப் பார்த்த கதையும் உண்டு. அம்மாவிடம் கேட்க அவர்களுக்குக் கூச்சம், அம்மா செக்யூரிட்டி வேலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறார் என்று தெரியும். டெலிகிராமில் வலை விரிக்கிறவனுக்கும் இது நன்றாகத் தெரியும்.

பணமுடை என்றால் கேட்க இடங்கள் இருக்கின்றன. உங்கள் வட்டாரச் சமூக சேவை அலுவலகத்தில் வருமானம் குறைந்தவர்களுக்கான காம்கேர் நிதியுதவி கேட்கலாம், எண் 1800-222-0000. இந்தியக் குடும்பங்களுக்காகவே 1991இல் தொடங்கிய சிண்டா இருக்கிறது. கடன் கழுத்தை நெரித்தால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர். படிவம் நிரப்ப வேண்டும், காத்திருக்க வேண்டும், சம்பளச் சீட்டைக் காட்ட வேண்டும். தெரியும். இரண்டு நாளில் 600 வெள்ளி யாரும் தர மாட்டார்கள். ஆனால் யாரும் உங்கள் கைப்பேசியைப் பறிமுதல் செய்யவும் மாட்டார்கள்.

மற்றபடி சுருக்கமாக. வங்கிக் கணக்கு, ஏடிஎம் அட்டை, சிங்பாஸ், கைப்பேசி எண்ணை வைத்துப் பணம் அனுப்பும் பேநவ், சிம் கார்டு: யாருக்கும் கொடுக்காதீர்கள். நண்பனுக்கும் கூடாது, காதலிக்கும் கூடாது, "ஒரே ஒரு தடவை" என்றாலும் கூடாது. "என் கணக்கு முடங்கிப்போச்சு, உன் கணக்குக்கு அனுப்பச் சொல்றேன், எடுத்துக் கொடு" என்று கேட்கும் நண்பனின் கணக்கு ஏன் முடங்கியது என்று முதலில் கேளுங்கள். வேலை கொடுக்கிறேன் என்று சொல்லி சிங்பாஸில் எதற்கோ ஒப்புதல் கேட்டால் திரையில் இருப்பதை முழுசாகப் படியுங்கள். சந்தேகமா, மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? இன்றைக்கே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். சிங்பாஸ் கடவுச்சொல்லை மாற்றுங்கள். காவல்துறையில் நீங்களே போய்ப் புகார் கொடுங்கள், அவர்கள் கதவைத் தட்டும் வரை காத்திருக்க வேண்டாம். தானாக முன்வந்தவன் என்று நான் எடுத்துச் சொல்வதற்கும், பிடிபட்டவனுக்காகப் பேசுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கெஞ்சிக் கேட்கிறேன், உரையாடல்களை அழிக்காதீர்கள். பயத்தில் முதலில் எல்லாரும் செய்வது இதுதான். அவன் என்ன பொய் சொல்லி உங்களை நம்பவைத்தான் என்பதற்கு அதுதான் ஒரே சாட்சி. அழித்தால் அந்தச் சாட்சியும் போகும், மறைக்கப் பார்த்தீர்கள் என்ற கெட்ட பெயரும் சேரும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். வருமானம் குறைந்தவர்களுக்காக 2022 இறுதியிலிருந்து அரசுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் இயங்குகிறது, இலவசச் சட்ட உதவி தரும் புரோ போனோ எஸ்ஜி அமைப்பும் இருக்கிறது. அங்கே போனாலும் எங்களைப் போன்றவர்களிடம் வந்தாலும் வங்கி அறிக்கையையும் காவல்துறை கொடுத்த கடிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வாருங்கள், வரும் வழியிலேயே அவர்களிடம் முழுக் கதையையும் சொல்லிவிடுங்கள்.