ஓய்வுநாள்: ஒரு சொல், இரண்டு நாள்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சிறுவர்களுக்கு நடக்கும் வேதபாட வகுப்புக்கு ‘ஓய்வுநாள் பாடசாலை’ என்று பெயர். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாரும் ‘ஓய்வுநாள் பள்ளி’ நடத்துகிறார்கள்; ஆனால் அது சனிக்கிழமை காலையில் கூடுகிறது. அடுத்தடுத்து வரும் இரண்டு நாள்கள் ஒரே பெயரைச் சுமக்கின்றன. எது ஓய்வுநாள் என்ற நெடுங்கால வாதத்தின் ஒரு பகுதி இந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதால், சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவது நல்லது.

எபிரேய மொழியில் இது ‘ஷப்பாத்’. இதன் வேர்வினைக்குச் செய்துகொண்டிருந்ததை நிறுத்துதல், நடந்துகொண்டிருந்தது நின்றுபோதல் என்பதே முதற்பொருள். களைப்பாறுதல் அதிலிருந்து விரிந்த பொருள். நோவாவின் காலத்து வெள்ளம் வடிந்தபின், விதைப்பும் அறுப்பும் பகலும் இரவும் ‘ஒழிவதில்லை’ என்று ஆதியாகமம் 8:22 சொல்லும் இடத்திலும், கானானின் விளைச்சலை உண்ட மறுநாள், இஸ்ரவேலருக்கு வானிலிருந்து உணவாக வந்துகொண்டிருந்த மன்னா பெய்யாமல் ‘ஒழிந்தது’ என்று யோசுவா 5:12 சொல்லும் இடத்திலும் மூலத்தில் இருப்பது இதே வினைதான். பகலும் இரவும் களைத்துப்போய் இளைப்பாறுவதில்லை என்று அந்த வசனத்தை யாரும் படிக்கமாட்டார்கள். படைப்பை முடித்த தேவன் ஏழாம் நாளிலே ‘ஓய்ந்திருந்தார்’ என்னும் ஆதியாகமம் 2:2-ஐயும் அவ்வாறே படிக்க வேண்டும். வேலை முடிந்தது, ஆகவே நின்றது.

ஷப்பாத் என்றால் ஏழு என்று பொருள் சொல்வோர் இன்றும் உண்டு. 4-ஆம் நூற்றாண்டின் இலத்தீன் எழுத்தாளர் லக்தான்சியுவே அப்படித்தான் எழுதினார். ஏழைக் குறிக்கும் ‘ஷெவா’ என்ற சொல் வேறு வேர் எழுத்துகளைக் கொண்டது. ஒலி நெருக்கமும் ஏழாம் நாள் என்ற தொடர்பும் சேர்ந்து உண்டாக்கிய மயக்கம் இது. பழைய மெசொப்பொத்தாமியாவின் அக்காத் மொழியில் மாதத்தின் பதினைந்தாம் நாளான முழுநிலவு நாளுக்கு ‘ஷபத்து’ என்ற பெயர் இருந்தது. அதற்கும் எபிரேயச் சொல்லுக்கும் உறவு உண்டா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. தமிழில் சிலர் எழுதும் ‘சபத்து’ என்ற வடிவத்தைச் ‘சபதம்’ என்ற வடசொல்லோடு முடிச்சுப்போடுவதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

தமிழுக்கு வருவோம். மழை ஓய்ந்தது, அழுகை ஓய்ந்தது, ஆட்டம் ஓய்ந்தது என்கிறோம். எதிலும் களைப்பு இல்லை, நிற்றல்தான் இருக்கிறது. ‘ஓயாமல் பேசுகிறான்’ என்றால் நிறுத்தாமல் பேசுகிறான் என்றே பொருள். எபிரேய வினை ஒன்றே ஓரிடத்தில் ‘ஓய்ந்திருந்தார்’ என்றும் மற்றோரிடத்தில் ‘ஒழிந்தது’ என்றும் பெயர்க்கப்பட்டிருப்பதைப் பார்த்தோம். நம் பேச்சிலோ ‘ஓய்வு ஒழிச்சல்’ என்று அவ்விரண்டும் இணைபிரியாமல் வருகின்றன. எனவே ‘ஓய்வுநாள்’ என்பது மூலச் சொல்லுக்கு மிக நெருங்கிய, நல்ல தமிழ். ‘ஓய்வு பெற்ற அலுவலர்’, ‘ஓய்வறை’ போன்ற இக்கால வழக்குகள்தாம் அந்தச் சொல்லை விடுமுறைப் பக்கம் இழுத்துவிட்டன.

கிரேக்கத்துக்குப் போனபோது இந்தச் சொல் மொழிபெயர்க்கப்படாமல், ‘சப்பாத்தோன்’ என்று ஒலிபெயர்ப்பாகவே சென்றது. அங்கே அதற்கு வாரம் என்ற இரண்டாம் பொருளும் சேர்ந்துகொண்டது. மத்தேயு 28:1-ஐப் பாருங்கள்: ‘ஓய்வுநாள் முடிந்து, வாரத்தின் முதலாம் நாள் விடிந்துவருகையில்’. தமிழில் ஓய்வுநாள், வாரம் என்று இரண்டாகத் தெரிபவை கிரேக்கத்தில் ஒரே சொல்லின் இரு வருகைகள். ‘வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன்’ என்று பரிசேயன் பெருமை பேசும் இடத்திலும் (லூக்கா 18:12) அதே சொல்தான் இருக்கிறது. அங்கே ஓய்வுநாள் என்று பெயர்த்திருந்தால், ஒரே நாளில் இரண்டுமுறை நோன்பிருந்த விந்தை மனிதனாக அவன் ஆகியிருப்பான்.

முதல் நாளான ஞாயிற்றுக்குப் புதிய ஏற்பாடு ஓய்வுநாள் என்ற பெயரை எங்கும் தரவில்லை. அப்பம் பிட்கச் சீடர்கள் கூடியதும் (அப்போஸ்தலர் 20:7), காணிக்கை சேர்த்துவைக்கப் பவுல் சொன்னதும் (1 கொரிந்தியர் 16:2) வெறுமனே ‘வாரத்தின் முதல்நாள்’ என்றே குறிக்கப்படுகின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 1:10-இல் வரும் ‘கர்த்தருடைய நாள்’ என்ற பெயரைப் பெரும்பாலோர் ஞாயிறு என்றே கொள்கிறார்கள். ஏறத்தாழ 155-இல் எழுதிய தொடக்ககாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன், கிறிஸ்தவர்கள் ஞாயிறு எனப்படும் நாளில் கூடுவதற்குச் சொன்ன காரணங்கள் இரண்டு: இறைவன் இருளை மாற்றி உலகைப் படைத்த முதல் நாள் அது, இயேசு உயிர்த்தெழுந்த நாளும் அதுவே. வேலையை நிறுத்துவதைப் பற்றி அங்கே ஒரு வரியும் இல்லை. ஞாயிற்றுக்குள் ஓய்வு சட்டமாக நுழைந்தது 321-இல். கான்ஸ்தந்தீன் பேரரசர் நகரத்து மக்களும் நீதிபதிகளும் அன்று வேலையை விட வேண்டும் என்று ஆணையிட்டு, பருவம் தப்பக்கூடாதென்று உழவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார். அதே நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் ஒருபடி மேலே சென்று, சனியன்று ஓய்ந்திருக்காமல் வேலை செய்யவேண்டும் என்றும், ஆண்டவருடைய நாளான ஞாயிற்றைப் போற்றவேண்டும் என்றும் விதித்தது. விலக்கவேண்டிய அளவுக்குச் சனி ஆசரிப்பு அன்றைக்கும் இருந்தது என்பதற்கு அந்த விதியே சாட்சி. எத்தியோப்பியத் திருச்சபையோ சனி, ஞாயிறு இரண்டையும் போற்றும் மரபை விடவில்லை. 1450-இல் ஸரா யாக்கோபு மன்னரின் காலத்துச் சங்கம் அதை உறுதியும் செய்தது.

சீர்திருத்தச் சபைகளும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஞாயிறு ஓய்வுநாளின் இடத்தில் கட்டாயமாக வைக்கப்பட்டது என்று எண்ணுவது பிழை என்றது 1530-இன் லுத்தரன் அறிக்கை. 17-ஆம் நூற்றாண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை அதற்கு நேர்மாறாக, கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலோடு ஓய்வுநாள் முதல் நாளுக்கு மாறியது என்று கூறி, ஞாயிற்றைக் ‘கிறிஸ்தவ ஓய்வுநாள்’ என்றே அழைத்தது. ஞாயிறு ஓய்வுநாளிலிருந்து வேறானது, ஆனால் அதன் நிறைவு என்பது கத்தோலிக்கப் போதனை. ஏழாம் நாளே மாறாத கட்டளை என்போர் அட்வென்டிஸ்டுகள் மட்டுமல்லர். 1857-இல் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தின் ஆங்கிலிக்க மிஷனிலிருந்து பிரிந்து, அருகிலுள்ள பிரகாசபுரத்தில் தனிச் சபை கண்ட சட்டாம்பிள்ளை, பழைய ஏற்பாட்டு வழக்கங்களை மீட்டெடுத்தபோது சனிக்கிழமையையே ஓய்வுநாளாக்கினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்வென்டிஸ்ட் ஊழியர்கள் அந்த ஊருக்கு வந்தபோது, தாங்கள் கற்பிக்க வந்த நாளை அங்கே ஏற்கெனவே ஆசரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஏழாம் நாளுக்கு ஓய்வுநாள் என்றும், முதல் நாளுக்கு ஆண்டவருடைய நாள் என்றும் எழுதுவதே துல்லியம் என்பது என் கருத்து. ஞாயிற்றை ஓய்வுநாள் என்று எழுதுகிறவர், அறிந்தோ அறியாமலோ, வெஸ்ட்மின்ஸ்டர் தரப்பில் கையெழுத்திடுகிறார். மறுபக்கத்தில், ஓய்வுநாள் இருந்திருக்கவேண்டிய ஓர் இடத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு அதை விட்டுவிட்டது. எபிரெயர் 4:9-இல் புதிய ஏற்பாட்டிலேயே ஒருமுறை மட்டும் வரும் ‘சப்பாத்திஸ்மோஸ்’, அதாவது ஓய்வுநாள் ஆசரிப்பு என்ற சொல், ‘இளைப்பாறுகிற காலம்’ என்று ஆகியிருக்கிறது. அந்த வசனத்தை இரு தரப்பாரும் தத்தம் வாதத்துக்கு எடுத்தாளுகிறார்கள். தமிழில் மட்டும் படிப்பவருக்கு அதில் ஓய்வுநாள் இருப்பதே தெரியாது.

‘கர்த்தருடைய நாள்’ என்பதன் கிரேக்க மூலமான ‘குரியக்கே’ ஆண்டவருக்கு உரியது என்று பொருள்படும் பெயரடை. இன்றைய கிரேக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையின் பெயரே அதுதான், சனிக்கிழமை அங்கே ‘சாவத்தோ’. உரிமைப் பொருளுக்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயர் கிழமை. ‘உடைய’ என்ற ஆறாம் வேற்றுமையைக் கிழமைப் பொருள் என்றே இலக்கண நூல்கள் சொல்கின்றன. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை ஆனதுபோல, குரியக்கேவை ‘ஆண்டவர்கிழமை’ என்று ஒருவர் பெயர்த்திருந்தால் அது சொல்லுக்குச் சொல் சரியாக இருந்திருக்கும்.