பூஜ்ஜியத்துக்கு ஏது மைனஸ்?

ஃப்ரீசரின் வெப்பநிலையைக் காட்ட சி மொழியில் புரோகிராம் எழுதிய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "திரையில் அடிக்கடி -0.0 என்று வருகிறது. பூஜ்ஜியத்துக்கு ஏது சார் மைனஸ்? கம்பைலர் கோளாறா?"

புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் கோளாறு இல்லை. சென்சார் -0.04 என்று தந்திருக்கும். ஒரு தசம இடத்தோடு நிறுத்தச் சொன்னதும் 4 போய்விட்டது, மைனஸ் தங்கிவிட்டது. விமான நிலைய வானிலை அறிக்கையிலும் இதே கதைதான். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே, அரை டிகிரிக்குள் இருந்தால் 'எம்00' என்று எழுதுவார்கள். எம் என்றால் மைனஸ். உறைநிலைக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது விமானிக்குத் தெரிய வேண்டாமா?

சரி, நினைவகத்துக்குள் போவோம். தசம எண்களை வைக்க சி மொழியில் உள்ள 'டபுள்' வகை எண்ணில் 64 பிட் (0 அல்லது 1 நிற்கும் இடம்): குறிக்கு 1, அடுக்குக்கு 11, பின்னத்துக்கு 52. குறி தனியாக உட்கார்ந்திருக்கிறது. மைனஸ் போடுவது என்றால் அந்த ஒரு பிட்டைப் புரட்டுவது. எண்ணின் மைனஸை நீக்கித் தரும் ஃபேப்ஸ் (fabs) என்ற செயற்கூறு அதை அணைக்கிறது, அவ்வளவே. மற்ற 63 பிட்டும் 0 ஆக இருந்து குறி மட்டும் 1 ஆனால், அதுதான் மைனஸ் பூஜ்ஜியம்.

இரண்டு பூஜ்ஜியத்தையும் ஒப்பிட்டால் சமம் என்றே விடை வரும். ஆகவே 'எக்ஸ் < 0' என்ற சோதனையில் மைனஸ் பூஜ்ஜியம் சிக்காது. அதற்காகவே சி மொழியின் 1999 தரநிலையில், குறி பிட்டைப் பார்த்துச் சொல்லும் சைன்பிட் (signbit) வந்தது. (அது தருவது 'பூஜ்ஜியம் அல்லாத ஏதோ ஒன்று'. 1 தான் வரும் என்று நம்பி ஒப்பிடாதீர்கள்.) ஓர் எண்ணின் குறியை இன்னொன்றுக்கு மாற்றிவைக்க காப்பிசைன் (copysign) இருக்கிறது.

இந்தத் தொல்லையை ஏன் வைத்தார்கள்? கணினியில் தசம எண்களை எப்படி வைப்பது, கணக்கிடுவது என்று வகுத்து 1985-இல் வெளியான ஐஇஇஇ 754 தரநிலையின் மூளை வில்லியம் கஹான். மிகச் சிறிய நெகடிவ் எண்ணைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். கடைசியில் அது பூஜ்ஜியத்தில் விழும், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதைக் குறி பிட் மறக்காது. 1-ஐ அதனால் வகுத்தால் மைனஸ் முடிவிலி. ஒரு புள்ளியின் ஒய், எக்ஸ் மதிப்புகளிலிருந்து கோணத்தைத் தரும் ஏடான்2-க்கு (atan2) 0.0, -1 கொடுத்தால் பை, -0.0, -1 கொடுத்தால் மைனஸ் பை.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். எந்த எண்ணோடும் பூஜ்ஜியத்தைக் கூட்டினால் அது மாறாது என்று படித்தோம் அல்லவா? இங்கே மாறும்! -0.0 + 0.0 செய்தால் வருவது 0.0. அதனால் 'எக்ஸ் + 0.0' என்று எழுதினால் ஜிசிசி (GCC) கம்பைலர் அதை வீண் வேலை என்று நீக்க முடியாது. 'எக்ஸ் - 0.0' என்றால் தாராளமாக நீக்கலாம், ஏனென்றால் அதில் குறி அப்படியே இருக்கும். அப்படியானால் கூட்டலில் எதையும் மாற்றாத எண் எது? மைனஸ் பூஜ்ஜியம்தான். லேபில் நட்சத்திரப் பிரமிடு அச்சிட வைக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் பிள்ளைகள் கம்பைலரைத் திட்ட மாட்டார்கள்.

மாணவருக்கு வழி இதிலேயே இருக்கிறது. வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி, ரவுண்ட் செய்து, பத்தால் வகுத்து, அப்புறம் 0.0-ஐக் கூட்டி அச்சிடுங்கள். மைனஸ் போய்விடும். கணக்கை வேகப்படுத்தச் சொல்லும் ஃபாஸ்ட்-மேத் (-ffast-math) என்ற கம்பைலர் தேர்வை மட்டும் போட்டுவிடாதீர்கள். பூஜ்ஜியத்தின் குறியைப் பற்றிக் கவலைப்படாதே என்று கம்பைலருக்கு அது சொல்லிவிடும், உங்கள் 0.0-ஐயும் அது தூக்கிவிடலாம்.