கல்லீரலுக்கு வந்த மருந்து கரப்பானுக்குப் போன கதை

மாற்றுக் கல்லீரல் பொருத்திக்கொண்டவரின் உடம்பு அந்தப் புது உறுப்பை வேண்டாமென்று தள்ளிவிடக் கூடாது. அதற்காகத் தினமும் விழுங்கக் கொடுக்கும் மருந்து டாக்ரோலிமஸ். அதையே ஆயின்மென்டாக்கி, முழங்கை மடிப்பையும் கழுத்தையும் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்ட குழந்தைக்குத் தடவச் சொல்லித் தோல் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். கல்லீரலுக்கும் அரிப்புக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் டி செல், உடம்பின் நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த வெள்ளை அணு. புதுக் கல்லீரலைத் தாக்குவதும் அதுதான். கரப்பானில், அதாவது அடோபிக் டெர்மடைட்டிஸ் என்கிற ஒவ்வாமைத் தோல் அழற்சியில், தோலுக்குள் புகுந்து ரகளை செய்வதும் அதுதான். டி செல்லை எதுவோ உசுப்பியதும் அதற்குள் கால்சியம் ஏறும், கால்சினியூரின் என்ற நொதி விழித்துக்கொள்ளும், அது என்ஃபாட் என்கிற புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும், கழன்ற புரதம் நேரே செல்லின் உட்கருவுக்குள் போய் இன்டர்லூகின்கள் என்கிற, செல்லுக்குச் செல் சேதி சொல்லும் புரதங்களைத் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். இன்டர்லூகின் வெளியே வந்தால் மற்ற செல்களும் கிளம்பிவிடும், அப்புறம் சிவப்பு, வீக்கம், அரிப்பு எல்லாம். டாக்ரோலிமஸ் செல்லுக்குள் ஒரு சிறு புரதத்தோடு சேர்ந்துகொண்டு கால்சினியூரினை மடக்கிவிடுகிறது. அதோடு சங்கிலி அறுந்தது.

1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கிடைத்த பாக்டீரியா ஒன்றிலிருந்து இந்த மருந்தைப் பிரித்தவர்கள் புஜிசாவா நிறுவனத்தார். அமெரிக்காவில் 1994இல் கல்லீரல் மாற்றத்துக்கு அனுமதி கிடைத்தது, 2000 டிசம்பரில் களிம்புக்கும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் மூலக்கூறின் அளவு. சுமார் 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேல் எடையுள்ள பொருள் நல்ல தோலைத் தாண்டிப் போவது கஷ்டம். டாக்ரோலிமஸ் 804. ஆனால் கரப்பான் பிடித்த தோல் ஓடு பெயர்ந்த கூரை மாதிரி, அதன் வழியே மருந்து இறங்கிவிடும். தோல் ஆற ஆற வழி அடைபடும், உள்ளே போகும் அளவும் தானாகவே குறையும். இதே நொதியை மடக்கும் இன்னொரு உறுப்பு மாற்று மருந்து சைக்ளோஸ்போரின். அது 1202 டால்டன், மாத்திரையாகக் கொடுத்தால் கரப்பான் அடங்குகிறது, மேலே தடவினால் பிரயோஜனமில்லை. ஸ்டீராய்டோ பெரும்பாலும் ஏறத்தாழ 500க்குள் அடங்குவதால் நல்ல தோலுக்குள்ளும் சுலபமாக நுழைந்து, கொலாஜனைக் குறைத்துத் தோலை மெலிய வைக்கும் (மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசுகிறவர்கள் கவனிக்கவும்). டாக்ரோலிமஸில் அந்த வம்பு கிடையாது, அதனால்தான் முகத்துக்கும் கண் இமைக்கும் இதை எழுதுகிறார்கள். முதல் சில நாள் எரியும், பயந்து நிறுத்துகிறவர்கள் நிறைய, பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

2006இல் அமெரிக்காவில் டாக்ரோலிமஸ் களிம்பின் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய புற்றுநோய் எச்சரிக்கை ஏறியது. விழுங்குகிறவர்களுக்கு நிணநீர்ப் புற்று அபாயம் கூடுவது உண்மைதான், ஆனால் தடவும்போது ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். களிம்பு பூசிய ஏறத்தாழ 8000 குழந்தைகளைப் பத்து ஆண்டு வரை தொடர்ந்து பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வில் புற்றுநோய் வழக்கமான அளவைத் தாண்டவில்லை.

ருக்சோலிடினிப் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். எலும்பு மஜ்ஜை நாராகிப்போகும் மைலோஃபைப்ரோசிஸுக்கு 2011இல் மாத்திரையாக வந்தது, 2021இல் கரப்பானுக்கு க்ரீம், 2022இல் வெண்புள்ளிக்கும் அதே க்ரீம். இது மடக்குவது ஜாக் என்ற நொதிகளை. இன்டர்லூகின் 4, 13, 31 மூன்றும் செல்லின் வாசலில் வந்து தட்டினால் சேதியை உள்ளே கடத்த ஜாக் 1 வேண்டும். இதில் 31ஆம் எண் நேராக நரம்பிலேயே போய் அரிப்பைக் கிளப்பும் ஆசாமி, ஆகவே தடவிய ஓரிரு நாளிலேயே சொறிவது குறைகிறது. என்றாலும் கரப்பானுக்கு உடம்பில் 20 சதவீதப் பரப்புக்கு மேல் பூசக் கூடாது.

மெத்தோட்ரெக்ஸேட் இவை எல்லாவற்றையும் விடப் பழசு. ரத்தப் புற்றுநோய்க்காக உருவான இதன் பின்னால் இருந்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகதா சுப்பாராவின் குழு. தோல் நோய்க்குக் கொடுப்பது மிகக் குறைந்த அளவுதான், அதுவும் வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தெரியாமல் தினமும் விழுங்கி உயிரை விட்டவர்கள் உண்டு.

காப்புரிமை தீர்ந்துபோன மெத்தோட்ரெக்ஸேட் மாதிரி மருந்துகளைப் புது நோயில் சோதிக்க எந்தக் கம்பெனி பணம் போடும்? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பொதுப் பணத்தில் செய்தார்கள். கடுமையான கரப்பான் உள்ள 103 பேர், எல்லாரும் குழந்தைகளும் பதின்வயதினரும், ஒரு பாதிக்கு சைக்ளோஸ்போரின், மறு பாதிக்கு மெத்தோட்ரெக்ஸேட், 36 வாரம். 2023இல் முடிவு வந்தது. 12ஆம் வாரத்தில் சைக்ளோஸ்போரின் முந்திவிட்டது, மருந்தை நிறுத்திய பிறகோ மெத்தோட்ரெக்ஸேட் எடுத்தவர்களுக்குத்தான் கரப்பான் திரும்புவது குறைவாக இருந்தது, இத்தனைக்கும் இரண்டில் மலிவானது அதுதான்.